பலம் வேறு, விறைப்பு வேறு!

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பழைய இரும்பை உருக்கிக் கம்பியாக உருட்டும் ஆலைகள் உண்டு. அதனால் திருவள்ளூர் மாவட்டத்தின் இந்த வடகோடியில் இரும்புக்குப் பஞ்சமில்லை. எதற்கு எதை வாங்குவது என்பதில்தான் குழப்பம்.

பக்கத்துக் கிராமத்தில் 2 ஏக்கரில் நெல் போடுகிறார் ஒரு விவசாயி. களையெடுக்கும் கருவியில் ஒரு துளை போடவும் டவுன் பட்டறையில் அரை நாள் காத்திருக்க வேண்டும். களை முளைக்கும் நேரத்தில் அரை நாள் என்பது பெரிய நஷ்டம். அதனால், கை டிரில்லை மாட்டிவைக்க வீட்டிலேயே ஒரு ஸ்டாண்டு செய்தார். வீடு கட்டி மிஞ்சிய 12 எம்.எம். முறுக்குக் கம்பிதான் சட்டம். 'மாடியையே தாங்குது, இதைத் தாங்காதா?' என்பது அவர் கணக்கு. முதல் துளையிலேயே சட்டம் வளைந்து, பிட் சாய்ந்து முறிந்தது. தெறித்த துண்டு கன்னத்தைக் கீறியது. கண் தப்பியது.

"இன்னும் பலமான கம்பி வாங்கணுமாண்ணே?" என்று வெல்டிங் பட்டறைக்காரரிடம் கேட்டார்.

"கம்பி உடையலையே தம்பி. பலம் போதும். விறைப்புதான் போதலை" என்றார் அவர்.

கம்பியில் இருக்கும் 500 என்ற எண், எவ்வளவு இழுவைக்குப் பிறகு அது நிரந்தரமாக நீளும் என்பதைச் சொல்கிறது. வளையாமல் நிற்கும் விறைப்பு, விலை கூடிய எஃகிலும் சாதா எஃகிலும் ஏறத்தாழ ஒன்றுதான். விறைப்பைக் கூட்டுவது வடிவம். ஒரு பட்டையின் அகலத்தை மாற்றாமல் உயரத்தை மட்டும் இரட்டிப்பாக்கினால் விறைப்பு 8 மடங்காகும். அதனால் சட்டத்துக்கு ஐ.எஸ். 2062 தரத்தில் சாதா சேனலே போதும். 75 எம்.எம். சேனல் இரண்டை எதிரெதிரே வைத்துப் பெட்டிபோல் பற்றவைத்தார்கள். ஒரே பக்கமாகப் பற்றவைத்தால் சூட்டில் இழுத்துக்கொள்ளும் என்பதால், முதலில் புள்ளி புள்ளியாக வைத்து, பிறகு பக்கம் மாற்றி மாற்றி முடித்தார்கள்.

காயலான் கடையில் வாங்குபவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. லாரி ஸ்பிரிங் பட்டை வேண்டாம். அதில் கரி அதிகம், சாதாரணமாக வெல்டிங் வைத்தால் ஓரத்தில் விரிசல் விடும். துரு தின்ற ஆங்கிளை எடை போட்டுப் பாருங்கள். 50×50×6 எம்.எம். ஆங்கிள் மீட்டருக்கு 4.5 கிலோ இருக்க வேண்டும். நன்றாகக் குறைந்தால், கனமும் போய்விட்டது என்று அர்த்தம்.

இப்போது அவர் வீட்டில் 10 நிமிடத்தில் துளை விழுகிறது. ஸ்டாண்டிலேயே கண்ணாடியை மாட்டிவைத்திருக்கிறார். அதை எடுத்துப் போட்ட பிறகுதான் சுவிட்சைத் தொடுகிறார்.