முறிந்த கிளையும் அமானிதமும்



மரம் ஏறிக் கிளை கழிப்பவரின் பொறுப்பு, கூலி பெற்று இறங்கியதும் முடிந்துவிடுவதில்லை. அவர் கைவைத்த மரம் பின்னர் எவர்மீது விழுந்தாலும் முதல் கேள்வி அவரிடமே வரும். ராஜபாளையத்திலிருந்து அய்யனார் கோவில் செல்லும் வழியிலுள்ள மாந்தோப்புகளில் இத்தொழிலைச் செய்துவரும் எங்கள் குடும்பத்தாரிடமும் அக்கேள்வி ஒருமுறை வந்தது.

நாங்கள் கவாத்து செய்து ஒரு மாதம் சென்றபின், முதிய மாமரத்தின் பெருங்கிளை ஒன்று முறிந்து அடுத்த வீட்டு ஓட்டுக்கூரையை உடைத்தது. அல்ஹம்துலில்லாஹ், எவருக்கும் காயமில்லை. எங்கள் வேலையே காரணம் என்று தோப்புக்காரர் இழப்பீடு கேட்டார்.

அன்றே சென்றோம். முதலில் அவ்வீட்டாரிடம் நலம் விசாரித்தோம். கிளையை அப்புறப்படுத்துமுன் முறிந்த இடத்தைப் படமெடுத்தோம். எங்கள் வாள் பட்ட இடத்திற்கு வெகுதூரத்தில், தண்டுத் துளைப்பான் குடைந்து உள்ளே தூளாகிப்போன பகுதியில் அது முறிந்திருந்தது. அக்கிளையை எடுத்துவிட வேண்டும் என்று வேலைக்கு முன்பே எழுதிக் கொடுத்திருந்தோம். காய்க்கிற கிளை என்று அவர் மறுத்திருந்தார். அத்தாளின் நகலை அவரிடம் தனியே காட்டினோம். அண்டை வீட்டார் முன்னிலையில் அவரைக் குறைகூறவில்லை. ஓட்டின் விலையை அவர் கொடுத்தார். ஓடு மாற்ற நாங்கள் ஆள் அனுப்பினோம். அது ஈடு அன்று. அண்டை வீட்டாருக்குரிய ஹக்கு.

முன்கூட்டியே எச்சரிப்பது வெறும் தற்காப்பு அன்று. 1964இல் டெல்லியில், ஸ்கூட்டரில் சென்ற ஒருவரின் தலையில் சாலையோர வேப்பமரக் கிளை விழுந்தது. மறுநாள் அவர் இறந்தார். மரங்களை அவ்வப்போது பார்வையிட்டு, ஆபத்தானவற்றை அகற்றுவது மாநகராட்சியின் கடமை என்று உச்ச நீதிமன்றம் 1999இல் உறுதிசெய்தது. அத்தீர்ப்புக்கு அக்குடும்பம் 35 ஆண்டுகள் காத்திருந்தது. ஒருமுறை அண்ணாந்து பார்த்திருந்தால் அந்த வழக்கே எழுந்திராது.

மருத்துவம் அறியாமல் மருத்துவம் பார்ப்பவர் அதன் விளைவுக்குப் பொறுப்பாளி என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்களின் ஹதீஸ் அபூதாவூதில் பதிவாகியுள்ளது. அறிந்தவருக்கும் ஒரு பொறுப்பு உண்டு: கண்ட ஆபத்தைத் தீங்கு நேருமுன் சொல்லிவிடுவது. தொழிலறிவும் ஓர் அமானிதமே.

உங்கள் வீட்டு மரத்தில் பட்டுப்போன கிளையோ, அடிமரத்தில் உதிரும் மரத்தூளோ தென்பட்டால், ஐப்பசி மழைக்கு முன் தொழில் தெரிந்தவரை அழைத்துக் காட்டுங்கள். அவர் சொல்வதை எழுதி வாங்குங்கள்.

நம் கைகளாலும் நம் மௌனத்தாலும் பிறருக்குத் தீங்கு நேராமல் அல்லாஹ் நம்மைக் காப்பானாக! ஆமீன்.