பேனா தொடாத பத்து நிமிடம்

தமிழ்நாட்டுப் பொதுத்தேர்வில் காலை பத்து மணிக்கு வினாத்தாள் கைக்கு வரும். 10.10 வரை அதைப் படிக்க மட்டுமே நேரம். அடுத்த ஐந்து நிமிடம் விடைத்தாளின் முகப்பு விவரங்களைச் சரிபார்க்க. 10.15க்குத்தான் எழுதத் தொடங்க வேண்டும், 1.15க்கு முடிக்க வேண்டும். ஆங்கில ஆசிரியராக வேலை பார்த்த காலத்தில் தேர்வு அறைகளில் கண்காணிப்பாளராக நின்றபோது, அந்த முதல் பத்து நிமிடத்தை நான் கவனித்துப் பார்ப்பதுண்டு. பெரும்பாலான பிள்ளைகள் வினாத்தாளைப் படிப்பதில்லை. தாங்கள் படித்துவிட்டு வந்தது அதில் இருக்கிறதா என்று தேடுகிறார்கள். இருந்தால் முகம் மலர்கிறது. இல்லாவிட்டால் கண் மின்விசிறிக்குப் போய்விடுகிறது. இப்படிப் போகிற மதிப்பெண்ணுக்கு ஆங்கிலத்தின் மேல் பழி போடுவதில் நியாயம் இல்லை.

எங்கள் காலத்தில் பதினோராம் வகுப்புதான் எஸ்.எஸ்.எல்.சி. அதைத் தாண்டினால் கல்லூரியில் ஓராண்டு பி.யூ.சி. 1978இல் மேல்நிலை வகுப்புகள் பள்ளிக்கூடத்துக்கு வந்தன. இரண்டு தாளாக இருந்த பிளஸ் டூ ஆங்கிலம் 2018-19இல் ஒரே தாளானது. எல்லாப் பாடங்களுக்குமான மொத்த மதிப்பெண் 1200லிருந்து 600க்கு இறங்கியது. இப்போது ஆங்கிலத்தில் எழுத்துத் தேர்வுக்கு 90, அகமதிப்பீட்டுக்கு 10. முறை எத்தனை தடவை மாறினாலும் கைடு புத்தகம் மட்டும் அசையவே இல்லை. கட்டுரையும் பத்தி வினாவும் மனப்பாடத்தில் ஒப்பேறிவிடும். ஆனால் முன்பின் பார்த்திராத ஒரு பத்தியைக் கொடுத்துக் கேள்வி கேட்கும் காம்ப்ரிஹென்ஷனும், வாக்கியத்தை மாற்றி எழுதச் சொல்லும் இலக்கணமும் கைடுக்குக் கட்டுப்படாதவை. பிள்ளைகள் பயப்படுவதும் அங்கேதான். கற்றுக்கொள்ள நிறைய இருப்பதும் அங்கேதான்.

பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி பிளஸ் டூ படிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை மதியம் நோட்டும் கையுமாக எங்கள் திண்ணைக்கு வந்துவிடுவாள். நானே எழுதிய ஒரு சிறு ஆங்கிலப் பத்தியைக் கொடுத்தேன். ஆற்றங்கரையில் சாயங்காலம் நாலைந்து பேர் அக்கரைக்குப் போகக் காத்திருக்கிறார்கள். ஓடக்காரரைக் கெஞ்சுகிறார்கள், அவர் மறுத்துவிடுகிறார். அடுத்த வரியில், மேற்கே மலை மேல் மேகம் கறுத்துக் கிடப்பதை அவர் பார்த்துக்கொண்டே நிற்கிறார். ஓடக்காரர் ஏன் மறுத்தார் என்பது கேள்வி. அவள் சட்டென்று எழுதிவிட்டாள்: கெஞ்சினார்கள், மறுத்துவிட்டார் என்ற வரி அப்படியே விடையாக இருந்தது.

“கேள்வியில இருக்கிற வார்த்தை பத்தியில எந்த வரியில வருதோ, அதை எழுதணும்னு டியூஷன்ல சொல்லியிருக்காங்க தாத்தா.”

“சரிம்மா. அந்த வரியில காரணம் இருக்கா?”

மறுபடி படித்தாள். இல்லை என்று தலையசைத்தாள்.

“அவர் எதைப் பார்த்துக்கிட்டு நிக்கிறார்?”

“மலை மேல மேகத்தை. மழை வந்துடும்னு பயமா?”

“மழை மலையில. இவர் இருக்கிறது ஆத்துல.”

கொஞ்ச நேரம் பேனா மூடியைக் கடித்தபடி இருந்தாள். “மலையில பேஞ்சா ஆத்துல தண்ணி ஏறிடும்! பாதியில மாட்டிக்குவாங்க!”

வெள்ளம் என்ற சொல்லே பத்தியில் கிடையாது. ஆனாலும் விடை அதுதான். பத்தியில் இருந்த வரியையும் தனக்குத் தெரிந்த ஆற்றையும் சேர்த்துப் பார்த்து அவளே கண்டுபிடித்தாள். வாசிப்பு என்று நான் சொல்வது இதைத்தான். வார்த்தைக்கு வார்த்தை பொருத்திப் பார்ப்பது சுலபமான கேள்விக்குச் சரிப்படும். ‘ஏன்’ என்று தொடங்கும் கேள்வியில் காலை வாரிவிடும்.

நீளமான ஆங்கில வாக்கியத்தைக் கண்டால் நம் பிள்ளைகள் தடுமாறுவதற்கு ஒரு காரணம் உண்டு. தமிழில் வினை கடைசியில் வரும். அதுவரை பொறுமையாகக் காத்திருந்து பழகியவர்கள் நாம். ஆங்கிலத்தில் வினை எழுவாயை ஒட்டியே வந்துவிடும். மற்றதெல்லாம் அதன் பின்னால் தொங்கும். சில சமயம் எழுவாய்க்கும் வினைக்கும் நடுவே ஒரு குட்டி வாக்கியம் புகுந்துகொள்ளும். ‘தி ஓல்டு மேன் ஹூ ரிப்பேர்டு தி பாய்ஸ் பைசைக்கிள்ஸ் லெஃப்ட் தி வில்லேஜ்’ என்று எழுதிப்போட்டு, ஊரைவிட்டுப் போனது யார் என்று கேட்டால், வகுப்பில் பாதிப் பேர் பையன்கள் என்பார்கள். போனவர் சைக்கிளைப் பழுது பார்த்த பெரியவர். அதனால் எந்தப் பத்தியானாலும் பென்சிலோடு உட்காருங்கள். யார் என்பதற்குக் கீழே ஒரு கோடு, என்ன செய்தார் என்பதற்குக் கீழே ஒரு கோடு. இந்த இரண்டும் பிடிபட்டுவிட்டால், தெரியாத வார்த்தை நாலு இருந்தாலும் பத்தி பிடிபட்டுவிடும். அகராதியை உடனே திறக்க வேண்டாம். இந்த இடத்தில் இது என்னவாக இருக்கும் என்று ஊகித்துப் பார்த்த பிறகு திறங்கள். ஊகித்துத் தெரிந்துகொண்ட வார்த்தை மறக்காது.

இலக்கணத்துக்கு வருவோம். நம் பிள்ளைகள் ஒரே மாதிரியான சில இடங்களில்தான் வழுக்குகிறார்கள். வந்தான், வந்தாள், வந்தார்கள் என்று தமிழ் வினை ஆளையே காட்டிக் கொடுக்கும். ஆங்கில வினை அப்படிச் செய்யாது. நிகழ்காலத்தில் ஒருவர் ஒரு காரியம் செய்கிறார் என்னும்போது மட்டும் ஓர் ‘எஸ்’ கேட்கும். அந்த ஒற்றை எழுத்துதான் அதிகம் விட்டுப்போவது. ‘எ’, ‘தி’ என்ற ஆர்ட்டிக்கிள் நமக்கு இல்லவே இல்லை. அது படித்துப் படித்துக் காதில் ஏற வேண்டியது. ‘என்று சொன்னான்’ என்று சேர்த்துவிட்டால் ஒருவர் பேசியதை நாம் அப்படியே வைத்துக்கொள்ளலாம். ஆங்கிலத்தின் ரிப்போர்ட்டட் ஸ்பீச்சில் ‘நான்’ ‘அவன்’ ஆக வேண்டும், காலம் ஒரு படி பின்னே போக வேண்டும், ‘நாளை’ ‘மறுநாள்’ ஆக வேண்டும். ‘தானே’ என்ற ஒன்றை வைத்து நாம் சமாளிக்கும் இடத்தில் கொஸ்டின் டேக் ஒவ்வொரு வினைக்கும் ஒரு வால் கேட்கும். இவற்றை அட்டவணையாக உருப்போடுவதைவிட, தன் நோட்டிலேயே இந்த நாலில் எது அடிக்கடி விட்டுப்போகிறது என்று எண்ணிப் பார்ப்பது நல்லது. யாருக்கும் எல்லாத் தவறும் வராது. தன் தவறு எது என்று தெரிந்துகொண்ட பிள்ளை அதை மட்டும் கவனித்தால் போதும்.

ஆக்டிவ் வாய்ஸ், பாஸிவ் வாய்ஸ் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இது வெறும் மாற்றி எழுதும் கணக்கு என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். செய்தித்தாளையும் அரசாணையையும் கவனியுங்கள். கட்டணம் உயர்த்தப்பட்டுள்ளது. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. தவறு இழைக்கப்பட்டுள்ளது. செய்தவர் எங்கே? வாக்கியத்திலிருந்து நைசாக நழுவிவிட்டார். அறிவியல் பாடத்தில் செய்தவர் முக்கியம் இல்லை, அங்கே பாஸிவ் பொருத்தம். பொறுப்பைத் தட்டிக்கழிக்கவும் அதே வாக்கியம் கைகொடுக்கிறது. பிளஸ் டூ ஆங்கிலப் புத்தகத்தில் ஜார்ஜ் ஆர்வெல் தேநீர் போடுவதற்குப் பதினொரு விதி சொல்லும் கட்டுரை இருக்கிறது. அது 1946இல் எழுதியது. அதே ஆண்டில் அரசியலும் ஆங்கில மொழியும் பற்றி அவர் எழுதிய கட்டுரையில், ஆக்டிவ் வைக்க முடிகிற இடத்தில் பாஸிவ் வைக்காதே என்று ஒரு விதி வைத்தார். பாஸிவ் வாக்கியத்தைக் கண்டதும் ‘யாரால்?’ என்று கேட்டுப் பழகிய பிள்ளை, நாளைக்கு வேலைக்குப் போன இடத்திலும் அந்தக் கேள்வியைக் கேட்கும்.

இன்னொன்று இஃப் கிளாஸ். மூன்று வகை. முதல் வகை, நடக்கக்கூடியது: படித்தால் தேறுவாய். இரண்டாவது, கற்பனை: எனக்குச் சிறகு இருந்தால் பறப்பேன். மூன்றாவது, கதவு சாத்திய பிறகு பேசுவது: அன்றைக்கே படித்திருந்தால் தேறியிருப்பாய். தேர்வு முடிவு வந்த வீடுகளில் இந்த மூன்றாம் வகையைத் தவிர வேறெதுவும் காதில் விழாது. பெற்றோர்களுக்கு நான் சொல்வது: வினாத்தாளில் மூன்று வகையும் வரட்டும், வீட்டில் முதல் வகையை மட்டும் பேசுங்கள்.

எப்படிப் பயிற்சி செய்வது என்று கேட்பார்கள். ஒரே நாளில் ஐந்து மணி நேரம் உட்காருவது ஆங்கிலத்துக்கு ஒத்துவராது. தினமும் ஒரு பத்தி. அதை முதலில் வாய்விட்டுப் படிக்க வேண்டும். எங்கே நாக்கு தடுக்குகிறதோ அங்கே அர்த்தமும் தடுக்கிறது என்று தெரிந்துவிடும். பிறகு புத்தகத்தை மூடிவிட்டு, பத்தி என்ன சொன்னது என்று தமிழில் ஒரு வாக்கியத்தில் சொல்ல வேண்டும். சொல்ல வரவில்லை என்றால் இன்னொரு முறை படிக்க வேண்டும். அதற்கப்புறம்தான் கேள்விகள். கடைசியாக, அதே பத்தியிலிருந்து ஒரு வாக்கியத்தை எடுத்து இறந்தகாலத்தில், பாஸிவில், கேள்வியாக, ‘அவன் சொன்னான்’ என்று சேர்த்து, விதவிதமாகத் திருப்பி எழுதிப் பார்க்கலாம். இலக்கணமும் வாசிப்பும் ஒரே உட்காருதலில் முடிந்துவிடும்.

வாசிப்பே வராது என்று நினைக்கும் பிள்ளைக்கு ஒரு குறுக்குவழி இருக்கிறது. பிளஸ் டூ புத்தகத்திலேயே கி. ராஜநாராயணனின் ‘நாற்காலி’ கதை ஆங்கிலத்தில் இருக்கிறது. முதலில் தமிழில் கி.ரா. எழுதியதைப் படியுங்கள். வீட்டுக்கு ஒரு நாற்காலி வேண்டும் என்று ஆசையாகச் செய்து வைத்த பிறகு, ஊரில் சாவு விழுந்தால் பிணத்தை உட்கார்த்த அதைக் கேட்டு வந்துவிடும் அந்த வேடிக்கையை ரசித்துவிட்டு ஆங்கிலத்துக்கு வாருங்கள். கதை தெரிந்திருப்பதால் வாக்கியங்கள் பயமுறுத்தாது. அப்பா அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாத வீடுகளிலும் இது நடக்கும். பிள்ளை ஆங்கிலத்தில் படித்துத் தமிழில் சொல்லட்டும். சரியாகச் சொல்கிறதா என்று அம்மாவே கேட்டுத் திருத்தலாம். உதவி செய்ய ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டியதில்லை, உட்கார்ந்து கேட்கும் பொறுமை இருந்தால் போதும்.

இவ்வளவும் மதிப்பெண்ணுக்காக மட்டும் சொல்லவில்லை. முதுமைக்கு வந்த பிறகு சுற்றிப் பார்த்தால், படித்தவர்கள் என்று பெயர் வாங்கியவர்களே கடன் பத்திரத்திலும் வாடகை ஒப்பந்தத்திலும் கோடு போட்ட இடத்தை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறார்கள். மனைவி சொல்ல ஆரம்பித்ததும் முடிவு இதுதான் என்று ஊகித்துப் பதில் சொல்கிறார்கள். தாங்கள் எதிர்பார்த்ததை மட்டும் அடுத்தவர் பேச்சில் தேடுகிறார்கள். எதிரில் இருப்பதை முழுசாகப் படித்துவிட்டுப் பதில் சொல்லும் பழக்கம் பதினேழு வயதில் கைவந்தால், எழுபதிலும் உடன் வரும்.

ஒருவேளை மதிப்பெண் 35ஐத் தொடாமல் போனால் துணைத்தேர்வு இருக்கிறது. அதற்கு முன்பு ஒரு காரியம் செய்யுங்கள். பிளஸ் டூ விடைத்தாளின் நகலை விண்ணப்பித்து வாங்க முடியும். பெரும்பாலோர் கூட்டலைச் சரிபார்க்கவே அதை வாங்குகிறார்கள். கூட்டலைப் பார்த்த பிறகு, வினாத்தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு கேள்வியையும் நிதானமாகப் படியுங்கள். கேட்டது ஒன்று, எழுதியது வேறொன்று என்று எங்கெல்லாம் ஆகியிருக்கிறதோ அங்கெல்லாம் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் குறிகளுக்கு ஏற்றபடி படித்தால், அடுத்த தேர்வுக்குப் புது கைடு வாங்க வேண்டியிருக்காது.