மொட்டைமாடித் தொட்டியும் டில்லிக் குளிரும்

கரோல் பாக் வந்த புதுசில் மொட்டைமாடி சிமெண்ட் தொட்டியில் பத்து கப்பி விட்டேன். மதுரையில் வாளியிலேயே வளர்ந்த மீனாச்சே! ஜனவரியில் ஒரு ராத்திரி 4 டிகிரி. காலையில் எல்லாம் மிதந்தன. மகள் நாள்பூரா அழுதாள். (பி.காமில் இதெல்லாம் சொல்லித் தரவில்லை.)

கப்பி வெப்பநாட்டு மீன். தண்ணீர் 20 டிகிரிக்குக் கீழே போனாலே சோர்ந்துவிடும். குளிர் தாங்குவது கோல்ட்ஃபிஷ்தான். அதிலும் நீள உடம்பு, ஒற்றை வால் ரகம். கடையில் விரல் நீளம்தான் இருக்கும், ஆனால் ஓரடிகூட வளரும். அதனால் 400 லிட்டர் தொட்டிக்கு மூன்றே மூன்று வாங்கினேன். வெயிலில் தண்ணீர் சூடானால் ஆக்சிஜன் குறையுமே, மே மாதத்துக்கு முன்பே பாதித் தொட்டிக்கு நிழல் கட்டியாச்சு.

மகள் இன்னும் பேர் வைக்கவில்லை. "ஜனவரி போகட்டும்ப்பா" என்கிறாள்.