மலைப்பாதையும் சைக்கிள் ஹாண்டிலும்

சைக்கிளின் உறுப்புகளில் நாம் அதிகம் கவனிக்காதது ஹாண்டில்தான். சக்கரத்தைப் பார்ப்போம், சங்கிலியைப் பார்ப்போம், இருக்கை உறுத்தினால் கடைக்காரரிடம் முறையிடுவோம். ஹாண்டிலைத் திருப்புவதற்கு உரியது என்ற அளவோடு விட்டுவிடுவோம். பாரிஸில் வாழும் என் மருமகன் அண்மையில் கேட்ட கேள்வியொன்று, இந்த எளிய பொருளைப் பற்றிப் பல நாட்கள் படிக்கவும் யோசிக்கவும் என்னைத் தூண்டியது.

அவன் என் சகோதரியின் மகன், நாற்பதைக் கடந்தவன். தென் பிரான்சின் நீஸ் நகரில் நடைபெறும் நெடுந்தூர ட்ரையத்லன் போட்டிக்குப் பெயர் பதிந்திருக்கிறான். கடலில் 3.8 கிலோமீற்றர் நீச்சல், மலைப்பாதையில் 180 கிலோமீற்றர் சைக்கிளோட்டம், அதன்பின் கடற்கரைச் சாலையில் 42.2 கிலோமீற்றர் ஓட்டம். இவை மூன்றையும் ஒரே நாளில் முடிக்கவேண்டும். “மாமா, இருக்கிற வளைஞ்ச ஹாண்டிலோடையே போறதோ, இல்லாட்டி ட்ரையத்லன் ஹாண்டில் பூட்டுறதோ?” என்பது அவனது கேள்வி. நான் நீண்டகாலம் விளையாட்டுச் செய்திகளும் எழுதியவன் என்பதால் அவனுக்கு என்மேல் ஒரு நம்பிக்கை.

கேள்வி சிறியதாயினும் அதன் பின்னணி சிறியதல்ல. முந்திய கோடையில், நண்பர் ஒருவரிடம் இரவல் வாங்கிய ட்ரையத்லன் சைக்கிளில் மலைச்சரிவொன்றில் இறங்கும்போது, வளைவில் விழுந்து காறையெலும்பை முறித்துக்கொண்டவன் அவன். வீட்டில் இரண்டு சிறு பெண்பிள்ளைகள். போட்டிக்குப் போகலாம், ஆனால் முழுதாகத் திரும்பி வரவேண்டும் என்பது அவனது மனைவி விதித்த ஒரே நிபந்தனை.

ட்ரையத்லன் ஹாண்டில் எனப்படுவது இரு பகுதிகளைக் கொண்டது. மாட்டுக்கொம்பு போல முன்னோக்கி நீளும் அடிப்பகுதி ஒன்று. அதன் நுனிகளில் பிறேக் இருக்கும். நடுவில் முழங்கைகளை வைப்பதற்கான தாங்கிகளும், கைகள் பற்றிக்கொள்ள முன்னே நீளும் இரு தண்டுகளும் உண்டு. இத்தண்டுகளையே ஏரோ பார் என்கிறார்கள். முழங்கைகளை ஊன்றி முதுகைத் தாழ்த்தும்போது காற்றை எதிர்கொள்ளும் உடலின் பரப்பு குறைகிறது. அமெரிக்கரான பூன் லெனன் என்ற பனிச்சறுக்குப் பயிற்றுநர், சரிவில் இறங்கும் சறுக்கு வீரர்களின் குனிந்த நிலையைப் பார்த்து 1980களின் பிற்பகுதியில் இதை உருவாக்கினார்.

இதனை உலகறியச் செய்த நாள் 1989 ஜூலை 23. டூர் டி பிரான்ஸ் போட்டியின் இறுதி நாளன்று வேர்சேயிலிருந்து பாரிஸுக்கு 24.5 கிலோமீற்றர் தனிநபர் ஓட்டம். பிரான்சின் லோரன் ஃபிஞோன் 50 செக்கன்கள் முன்னிலையில் இருந்தார். அமெரிக்கரான கிரெக் லெமொண்ட் ஏரோ பாரில் முழங்கைகளை ஊன்றி ஓடி, 8 செக்கன்களால் மொத்தப் போட்டியையும் வென்றார். அன்றிலிருந்து இந்த ஹாண்டில் வேகத்தின் மறுபெயராயிற்று. ஆனால் அந்த ஓட்டம் நடந்தது மலையில் அல்ல என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

நீஸின் கதை வேறு. 180 கிலோமீற்றரில் ஏறவேண்டிய மொத்த உயரம் ஏறத்தாழ 2,400 மீற்றர். கடல் மட்டத்திலிருந்து நம் பிதுருதலாகல மலையின் உச்சிக்குச் சற்றுக் கீழே வரை ஏறுவதற்கு இது சமம். இந்நகரில் நெடுந்தூர ட்ரையத்லன் 1982இல் தொடங்கியது. அங்கு பத்து முறை வென்ற மார்க் அலன், முதல் ஐந்து வெற்றிகளை 1986க்குள் பெற்றுவிட்டார். ஏரோ பார் அப்போது சந்தைக்கே வந்திருக்கவில்லை.

காற்றை வெல்லத் தேவைப்படும் வலு வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப உயரும். மணிக்கு 36 கிலோமீற்றரில் செலவாகும் வலுவில் எட்டில் ஒரு பங்குதான் 18 கிலோமீற்றரில் காற்றுக்குப் போகிறது. ஆகவே செங்குத்தான ஏற்றத்தில் குனிந்து கிடப்பதால் பெரிய நன்மை இல்லை. அங்கே எதிரி புவியீர்ப்பு. நிமிர்ந்திருந்து நன்றாக மூச்சு விட ஹாண்டிலின் மேற்பகுதியைப் பற்றிக்கொள்வதே சுகம்.

இறக்கத்திலோ பிறேக்தான் முக்கியம். 60 கிலோமீற்றர் வேகத்தில் ஒரு செக்கனில் சைக்கிள் 16 மீற்றருக்கு மேல் ஓடிவிடும். ஏரோ பாரின் நுனியிலிருந்து கையை எடுத்து பிறேக்கைப் பற்றும் நேரம் அந்த ஒரு செக்கன். மருமகன் விழுந்தது அந்த ஒரு செக்கனில்தான்.

யாழ்ப்பாணத்துச் சமதரையில் சைக்கிள் ஓடி வளர்ந்த எங்கள் தலைமுறைக்கு இறக்கம் பழக்கமில்லை. காற்றுத்தான் எங்கள் மலை. சோழகம் வீசும் மாதங்களில் பண்ணைப் பாலத்தால் போகிறவர்கள் நெஞ்சைத் தாழ்த்தி, முழங்கைகளை ஹாண்டிலில் ஊன்றி மிதிப்பார்கள். வளைவற்ற நேர்ப்பாதையில் அது சரியான உத்தி. அதையே ஹப்புத்தளை இறக்கத்தில் செய்ய எவரும் துணியமாட்டார்.

ஆகவே அவனுக்கு நான் சொன்னது இதுதான். இருக்கும் வளைந்த ஹாண்டிலை மாற்றவேண்டாம்; அதன்மேல் குட்டையான ஏரோ பார் ஒன்றைப் பூட்டு. சமதளத்திலும் மெல்லிய சரிவிலும் முழங்கையை ஊன்று. ஏற்றத்தில் மேற்பகுதியைப் பிடி. இறக்கத்தில் கீழ்வளைவைப் பற்றி, விரல்களை பிறேக்கில் வைத்திரு. சாதாரண வீதிச் சைக்கிளில் இருக்கை பின்தள்ளியிருப்பதால், நீண்ட தண்டுகள் உடலை இழுத்து இடுப்பையும் கழுத்தையும் வருத்தும். அதன்பின் ஒரு மரதன் ஓட்டம் காத்திருக்கிறது. ஹாண்டில் கார்பனாலானது என்றால் ஏரோ பாரின் பிடியைத் தாங்கும் என்று தயாரிப்பாளர் குறிப்பிட்டிருக்கிறாரா எனப் பார்ப்பதும், அளவறிந்து முறுக்கும் சாவியால் இறுக்குவதும் அவசியம்.

நீஸில் 2023, 2025 ஆண்டுகளில் ஆண்களுக்கும், 2024இல் பெண்களுக்கும் உலக அயன்மேன் போட்டி நடந்தபோது முன்னணி வீரர்கள் பலர் ட்ரையத்லன் சைக்கிளையே நம்பினர். அதே வளைவுகளைத் தொழிலாகப் பயின்றவர்கள் அவர்கள். வார இறுதிகளில் பாரிஸின் சுற்றுப்புறச் சமவெளியில் பயிற்சி செய்யும் ஒரு தொழிலாளிக்கு அவர்களது தெரிவு அளவுகோலாகாது.

புலம்பெயர்ந்த நாடுகளில் நம் பிள்ளைகள் பலர் இத்தகைய போட்டிகளில் இறங்குகிறார்கள், மகிழ்ச்சிக்குரிய செய்தி. கடைக்குப் போகுமுன், ஆபத்து வருகின்ற இடத்தில் தமது கை எங்கே இருக்கும் என்பதை அவர்கள் முதலில் யோசிக்கட்டும். சமதளத்தில் சில நிமிடங்களை மருமகன் இழக்கக்கூடும். அந்த நிமிடங்களைக் கணக்குப் பார்க்க அவன் வீட்டில் எவரும் காத்திருக்கப்போவதில்லை.