முட்டுக்கட்டை

புதிதாகக் கார் வாங்கியவரிடம் அதைப் பற்றி விசாரித்துப் பாருங்கள். எத்தனை வேகம் போகும், லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் கொடுக்கும் என்றெல்லாம் உற்சாகமாகச் சொல்வார். "எப்படி நிற்கும்?" என்று கேட்டால் மட்டும், கல்யாண வீட்டில் அபசகுனமாகப் பேசிவிட்டவரைப் பார்ப்பதுபோல் நம்மைப் பார்ப்பார்.

நம் பேச்சு வழக்கும் இந்த விஷயத்தில் கொஞ்சம் ஓரவஞ்சனை செய்திருக்கிறது. "முட்டுக்கட்டை போடுகிறான்" என்றால் அது வசவு. ஆனால் திருவாரூர் ஆழித் தேரோட்டத்தைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். 96 அடி உயரம், சுமார் 300 டன் எடை. வடம் பிடிக்க ஆயிரக்கணக்கானவர்கள் உண்டு. சக்கரத்தடியில் முட்டுக்கட்டை கொடுப்பவர்கள் ஒரு சிலர்தாம். வீதி முனையில் தேர் திரும்புவதும், நிற்க வேண்டிய இடத்தில் நிற்பதும் அவர்கள் கையில் இருக்கிறது. திருச்சி 'பெல்' தொழிற்சாலையார் அந்தத் தேருக்கு இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து கொடுத்த பிறகும் கட்டைக்கு ஓய்வு கிடைக்கவில்லை.

இந்த யோசனையெல்லாம் எனக்கு உண்டானது பூம்புகாரில், என் தங்கை வீட்டு வாசலில். அவளுடைய மகன் தன் காரின் முன் சக்கரங்களுக்குப் புது டிஸ்க்கும் பேடும் தானே மாற்றப் போவதாக அறிவித்திருந்தான். பூம்புகாரில் காருக்கு முதல் விரோதி கடல் காற்று. பழைய பட்டினத்தை விழுங்கிய கடலுக்கு இரும்புத் தட்டு எம்மாத்திரம்! நாலு நாள் வண்டியை எடுக்காவிட்டால் டிஸ்க்கின்மேல் செம்மண் பூசியதுபோல் துரு படிந்துவிடும். மேலாகப் படிந்த துருவை, நாலைந்து முறை பிரேக்கை மிதித்தால் பேடே துடைத்துவிடும். ஆழமாக அரித்துவிட்டால் மாற்றித்தான் ஆக வேண்டும்.

என் தங்கைக்கு இது பிடிக்கவில்லை.

"குழாயை ரிப்பேர் பண்ணு, மின்விசிறியைக் கழற்று, வேண்டாம்னு சொன்னேனா? பிரேக்கிலேயா கை வைக்கிறது? பெண்டாட்டி பிள்ளை போற வண்டிடா!"

"போன வருஷம் ஒர்க்‌ஷாப்பிலேதானே விட்டோம், அம்மா? தேஞ்ச டிஸ்க்கை அப்படியே விட்டுட்டுப் புது பேடை மட்டும் மாட்டி அனுப்பிட்டாங்க. மேடும் பள்ளமுமா இருந்த டிஸ்க்கு பேடைத் தின்னுடுச்சு. மாமா, நீங்களாவது சொல்லுங்க."

நான் யார் கட்சியும் சேராமல் நாற்காலியைத் திண்ணையோரம் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

பையன் கை பிரேக்கை இழுத்து, பின் சக்கரங்களுக்கு இரண்டு கட்டைகளை அண்டக் கொடுத்தான். சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளைச் சற்றுத் தளர்த்திவிட்டு, ஜாக்கியால் தூக்கினான். ஜாக்கியை மட்டும் நம்பாமல் இரும்பு முக்காலி ஒன்றையும் அடியில் வைத்தான். சக்கரத்தைக் கழற்றியதும் பளபளவென்று ஒரு தட்டு. அதன் இரு பக்கமும் கவ்வி நிற்கும் இடுக்கி. தட்டுதான் டிஸ்க், இடுக்கி, கேலிப்பர், அதன் வாயில் இருக்கும் இரண்டு பல்தான் பேடு. காலால் மிதித்தால் எண்ணெயின் அழுத்தம் பல்லைக் கடிக்க வைக்கிறது. ஓட்டமெல்லாம் சூடாக மாறிக் காற்றில் போய்விடுகிறது.

கழற்றிய கேலிப்பரை அதன் ரப்பர்க் குழாயில் தொங்க விடாமல் கம்பியால் கட்டி வைத்தான். பழைய டிஸ்க்கின் கனத்தை அளந்து காட்டினான். 20 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்று டிஸ்க்கிலேயே பொறித்திருந்தது. இருந்தது 19 சொச்சம். புது டிஸ்க்கை உடனே மாட்டிவிடுவான் என்று நினைத்தேன். கம்பித் தூரிகையை எடுத்து, அது உட்காரும் இடத்தை அரை மணி நேரம் தேய்த்தான்.

"இங்கே ஒரு பொட்டுத் துரு இருந்தாலும் டிஸ்க்கு கோணலா சுத்தும், மாமா. மிதிக்கிறப்போ பெடல் உதறும்."

புது டிஸ்க்கின்மேல் துருப் பிடிக்காமலிருக்கப் பூசியிருந்த எண்ணெயையும் துடைத்தெடுத்தான். பேடில் எண்ணெய் பட்டால் பிடிப்பு போய்விடுமாம். ஒரு பக்கம் முடிந்ததும் அடுத்த பக்கம். ஒன்றை மட்டும் மாற்றினால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும்.

அவன் தேய்த்துக் கொண்டிருக்கையில் இந்தத் தட்டின் பூர்வோத்தரம் எனக்கு ஞாபகம் வந்தது. இங்கிலாந்தில் லான்செஸ்டர் என்ற பொறியாளர் 1902-லேயே இதற்குக் காப்புரிமை பெற்றார். உலகம் கவனித்தது 1953-ல், பிரான்சின் லெ மான் பந்தயத்தில் டிஸ்க் பிரேக் பூட்டிய ஜாகுவார் கார் முதலில் வந்தபோது. வேகப் பந்தயத்தில் ஜயித்தது, நன்றாக நிற்கத் தெரிந்த வண்டி! நம் அம்பாஸடர்கள் வெகுகாலம் டிரம் பிரேக்கோடுதான் ஓடின. 1962-ல் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியா கம்பெனியால் சென்னைப் பாடியும் பிரேக்குக்குப் பேர்போன இடமாயிற்று.

எல்லாவற்றையும் பூட்டி முடித்துப் பெடலை மிதித்தான். அது தரை வரைக்கும் போயிற்று. தங்கை என்னைப் பார்த்தாள்.

"அப்படித்தான் போகும், அம்மா. பிஸ்டனை உள்ளே தள்ளியிருக்கேனே. கெட்டியாகிற வரைக்கும் மிதிக்கணும். இதை மறந்துட்டு வண்டியைக் கிளப்பினா எதிர்ச் சுவர்தான் நிறுத்தும்."

பிறகு அவன் செய்த காரியம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. பக்கத்து வீட்டுப் பெரியவரை அழைத்து வந்தான். போக்குவரத்துக் கழகப் பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒவ்வொரு போல்ட்டாகத் தொட்டுப் பார்த்தார். குழாய் முறுக்கிக்கொள்ளவில்லையே என்று குனிந்து பார்த்தார். பிரேக் ஆயில் மட்டம் பார்த்தார்.

"தம்பி கை நல்ல கைதான். ஆனா பிரேக்குக்கு ரெண்டு கண்ணு பத்தாது. நாலு கண்ணு வேணும்" என்றார்.

தங்கையின் முகம் அப்போதுதான் தெளிந்தது. மகன் வேலையில் கெட்டிக்காரனா என்பது அவள் கவலை இல்லை. தன் கெட்டிக்காரத்தனத்தை அவன் சந்தேகிப்பானா என்பதே கவலை.

மறுநாள் காலை ஆளில்லாத சாலையில் 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 10-க்கு, முழுதும் நிறுத்தாமல், இடைவெளி விட்டுப் பத்து முறை இறக்கினான். அப்போதுதான் பேடும் டிஸ்க்கும் ஒன்றோடொன்று பழகுமாம். திரும்பும் வழியில் சாலையில் பாதியை அடைத்து நெல் காயப் போட்டிருந்தார்கள். ஓர் அம்மாள் காலால் நெல்லைத் துழாவிக்கொண்டே நடந்தாள். பையன் வெகு தூரத்திலேயே வேகத்தைக் குறைத்துவிட்டான். "புது பிரேக்தானே?" என்றேன். "பிரேக் சக்கரத்தைத்தான் நிறுத்தும், மாமா. வண்டியை நிறுத்துறது டயரும் ரோடும். நெல்லு மேலே வழுக்கும்" என்றான். வேகம் இரட்டித்தால் நிற்கும் தூரம் நாலு மடங்காகும் என்றும் சொன்னான்.

மதுரையில் பாண்டியன் முன் நின்ற கண்ணகி, தன் ஊர் புகார் என்று சொன்னபோது, கன்றுக்காகத் தன் மகனையே தேர்க்காலில் இட்ட சோழனைச் சொல்லித்தான் ஊரை அறிமுகம் செய்தாள். அந்த அரசனின் நீதியைப் பற்றி எவ்வளவோ பேசியிருக்கிறோம். தேர் சரியான சமயத்தில் நின்றிருந்தால் அந்த நீதிக்கே வேலை இருந்திராது; கன்றும் பிழைத்திருக்கும், பிள்ளையும் பிழைத்திருப்பான். பெண்டாட்டி பிள்ளை போகிற வண்டி என்றாள் என் தங்கை. வாஸ்தவம். ஆனால் வெளியே இருப்பவர்களுக்கும் பிரேக் வேண்டும்: கன்றுக்குட்டிக்கு, நெல் துழாவும் அம்மாளுக்கு. நெல் துழாவிய அம்மாள் எங்களை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.