கைக்கு எட்டும் இடத்தில்

இல்லத்தில் எந்தப் பொருளுக்கு எது தக்க இடம் என்பதை நம் அன்னையர் நன்கு அறிவர். உப்புச் சாடி அடுப்பருகே இருக்கும். தீப்பெட்டி இருளிலும் கை தேடிச் செல்லும் மாடத்தில் இருக்கும். செபமாலை தலையணையின் பக்கத்தில் இருக்கும். அடிக்கடி வேண்டுவது அருகில் இருத்தல் வேண்டும். ஆபத்தில் வேண்டுவதோ அதனினும் அருகில் இருத்தல் வேண்டும். யாவரும் அறிந்த இந்நியதியை எங்கள் குடும்பம் மீண்டும் ஒருமுறை எண்ணிப் பார்க்கக் காரணமாய் இருந்தது ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காரின் பேட்டரி. காரைப் பற்றிய செய்தி குடும்ப இதழில் எதற்கு என்று வாசகர்கள் வியக்க வேண்டா. இது காரைப் பற்றியது மட்டுமன்று.

நாங்கள் வாழ்வது ஊரப்பாக்கத்தில். எங்கள் ஊருக்கு வடக்கே, ஜி.எஸ்.டி. சாலையில், வண்டலூர்ப் பக்கத்தில் ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலை இருந்ததை முதியோர் மறந்திரார். 1948-ல் தோன்றிய அந்நிறுவனம் 1961 முதல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார்களைச் செய்து வந்தது; 1988-ல் உற்பத்தி நின்றது. எங்கள் தந்தையின் தமையனார், எங்கள் பெரியப்பா, அங்கே பிட்டராகப் பணியாற்றியவர். பெரியம்மா இறைவனடி சேர்ந்தபின் எங்களோடு வாழ்கிறார்.

ஹெரால்டு காரைப் பற்றிப் பேசத் தொடங்கினால் பெரியப்பாவுக்கு வயது குறைந்துவிடும். அதன் பானெட் மற்ற வண்டிகளைப் போலத் திறப்பதன்று. இரு பக்க மட்கார்டுகளோடும் சேர்ந்து, முன்முகம் முழுவதும் ஒரே துண்டாக முன்னோக்கிக் கவிழும். எஞ்சின் மூன்று புறமும் வெட்டவெளியில் நிற்கும். முன் டயரின்மீது அமர்ந்தபடியே வேலை செய்யலாம். பேட்டரியோ, எஞ்சினுக்குப் பின்னுள்ள தகட்டுச் சுவரில், கண்ணுக்கு நேரே, ஒரு மேடையில் அமர்ந்திருக்கும். "வேலைக்காரனை நினைத்துச் செய்த வண்டி" என்று அவர் சொல்வது வழக்கம்.

ஆனால் அவர் தம் சேமிப்பைக் கொடுத்து வாங்கியது ஹெரால்டு அன்று. ஒரு பழைய பங்களாவின் கொட்டகையில் ஓடாத நிலையில் கிடந்த எம்.ஜி.பி. என்னும் திறந்த ஸ்போர்ட்ஸ் காரையே அவர் வாங்கினார். இங்கிலாந்தில் அபிங்டன் என்னும் ஊரில் 1962 முதல் 1980 வரை ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டுச் செய்யப்பட்ட புகழ்பெற்ற வண்டி அது. பல ஆண்டுகள் உழைத்து அதற்கு அவர் உயிர் கொடுத்தார். எங்களில் பலர் திருமணத்தன்று ஆலயத்துக்குச் சென்றது அந்த வண்டியிலேதான்.

அவ்வண்டியில் பேட்டரி இருக்கும் இடம் விந்தையானது. பழைய எம்.ஜி.பி. கார்களில் 12 வோல்ட் பேட்டரி ஒன்றுக்குப் பதிலாக 6 வோல்ட் பேட்டரிகள் இரண்டு உண்டு. இருக்கைகளுக்குப் பின்னால், தரைக்குக் கீழே, பின்சக்கரங்களுக்கு விசை கொண்டு செல்லும் தண்டின் இரு மருங்கிலும், ஒவ்வொன்றும் ஓர் இரும்புத் தொட்டிலில் கிடக்கும். அமைத்தவர்கள் அறியாமல் அமைக்கவில்லை. எடை தாழ்ந்தும் நடுவிலும் இருந்தால் வளைவுகளில் வண்டி நிலைகுலையாது. முன்பாரமும் பின்பாரமும் ஒத்து நிற்கும். விரைவுக்காகப் பிறந்த வண்டிக்கு அது தக்க ஏற்பாடே. பின்னர் 1974-ஆம் ஆண்டையொட்டி அந்நிறுவனமே ஒற்றை 12 வோல்ட் பேட்டரிக்கு மாறிற்று.

ஓட்டுவோனுக்கு நன்மையாய் இருப்பது பராமரிப்போனுக்குச் சுமையாவதும் உண்டு. பேட்டரியைப் பார்க்க வேண்டுமெனில் இருக்கையை முன்தள்ளி, விரிப்பை விலக்கி, மூடியின் பூட்டுகளைத் திருகி, அதன்பின் தலைகீழாகக் குனிய வேண்டும். நம் நாட்டு வெயிலிலோ இது அடிக்கடி செய்யவேண்டிய பணி. ஈயத் தகடுகளும் கந்தக ஆசிட்டும் கொண்ட பேட்டரியின் ஒவ்வோர் அறையும் ஏறத்தாழ 2 வோல்ட் தருவது. ஆறு அறைகள் சேர்ந்தால் 12 வோல்ட். வெப்பம் மிகுந்தால் நீர் குறையும். தகடு வெளியே தெரிந்தால் அது கெடும். ஆகவே மாதம் ஒருமுறையேனும் டிஸ்டில்டு வாட்டர் அளவைப் பார்த்தல் நலம். முழுதும் சார்ஜ் ஏறிய பேட்டரி, ஓய்வில் ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். 12-க்குக் கீழே இறங்கினால் அது பசித்திருக்கிறது என்று கொள்ளலாம்.

சென்ற ஆண்டு ஒரு பிற்பகலில், எண்பது வயதைக் கடந்த பெரியப்பா வழக்கம்போல் அவ்வாறு குனிந்திருந்தார். திடீரெனத் தலை சுற்றிற்று. கையிலிருந்த ஸ்பானர் நழுவி, மின்முனைக்கும் வண்டியின் உடலுக்கும் இடையே விழுந்தது. நீலப் பொறி பறந்தது. ஸ்பானரில் ஒரு பள்ளம் விழுந்தது. இறையருளால் வேறொன்றும் நேரவில்லை. சார்ஜ் ஏறும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளிப்படும். காற்றில் அது 4 விழுக்காடு சேர்ந்தாலே தீப்பொறியில் வெடிக்கும். மூடிய குழிக்குள் தலையை வைத்திருந்தவருக்கு என்ன நேர்ந்திருக்கும் என்பதை எண்ணி அன்றிரவு நாங்கள் உறங்கவில்லை.

மறுநாள் குடும்பம் கூடிற்று. வண்டியை விற்றுவிடுவோம் என்றனர் சிலர். பெரியப்பா ஒன்றும் பேசவில்லை; எழுந்து போய் வராந்தாவில் அமர்ந்துகொண்டார். அந்த மௌனம் எங்களுக்குச் சுட்டது. முதியவரிடமிருந்து ஆபத்தை அகற்றுவது ஒன்று. அவர் வாழ்வின் மகிழ்ச்சியை அகற்றுவது வேறொன்று. இரண்டையும் குழப்பிக்கொள்வது இளையோருக்கு எளிது. விற்கவேண்டியது வண்டியன்று, மாற்றவேண்டியது பேட்டரியின் இடமே என்று இறுதியில் முடிவாயிற்று.

பேட்டரியைப் பின்னால் டிக்கிக்குள் வைத்துவிட்டால் நின்றபடியே பார்க்கலாம். இதைக் கேட்ட மெக்கானிக் உடனே இசையவில்லை. "ஐயா, இந்த வண்டிக்குப் பெட்ரோல் தொட்டி எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். டிக்கித் தரைக்கு நேர் கீழே! நான் மேலிருந்து துளை போட்டால் என்ன ஆகும்?" என்றார். பெரியப்பாவின் முகத்தில் புன்னகை அரும்பிற்று. "அதனால்தான் தம்பி உன்னைக் கூப்பிட்டேன். முதலில் தொட்டியைக் கழற்று" என்றார். அவ்வாறே தொட்டியைக் காலி செய்து, கழற்றி, வீட்டுக்கு வெகு தொலைவில் வைத்த பின்னரே துளையிடும் கருவியை எடுத்தனர். கீழே என்ன உள்ளது என்று பாராமல் மேலே துளையிடலாகாது என்பது பட்டறைக்கு மட்டும் உரிய விதியன்று.

தடித்த பிளாஸ்டிக் பெட்டி ஒன்றைப் போல்ட்டும் அகன்ற வாஷரும் இட்டு இறுக்கினர். விபத்தில் வண்டி புரண்டாலும் பேட்டரி அசையாதிருக்க இரும்புப் பட்டை பூட்டினர். வாயு வெளியேறும் குழாயைத் தரை வழியே வெளியே விட்டனர். இரண்டு 6 வோல்ட் பேட்டரிகளுக்குப் பதிலாக, நீர் ஊற்றத் தேவையற்ற 12 வோல்ட் பேட்டரி ஒன்று அமர்ந்தது.

அடுத்த சிக்கல் கேபிள். டிக்கியிலிருந்து முன்னே உள்ள ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு ஏறத்தாழ 4 மீட்டர் தூரம். எஞ்சினைச் சுழற்றும் கணத்தில் 200 ஆம்பியர் அளவுக்கு மின்னோட்டம் பாயலாம். 16 சதுர மில்லிமீட்டர் செப்புக் கேபிள் இட்டால் வழியிலேயே ஏறத்தாழ 0.9 வோல்ட் வீணாகும். 35 சதுர மில்லிமீட்டர் இட்டால் இழப்பு 0.4 வோல்ட்டே. தூரம் கூடினால் கேபிளும் பருக்கவேண்டும் என்பது கணக்கு. தகட்டைத் துளைத்துச் செல்லும் இடங்களில் ரப்பர் வளையம் இட்டனர். இல்லையேல் அதிர்வில் உறை தேய்ந்து தீப்பற்றும். பேட்டரியின் அருகிலேயே பெரிய பியூஸ் ஒன்றும், ஒரே திருப்பில் மின்சாரம் முழுவதையும் துண்டிக்கும் சுவிட்சும் வைத்தனர்.

பெரியப்பா இன்னொன்றையும் நினைவூட்டினார். எந்த முனை வண்டியின் உடலோடு இணைந்திருக்கிறதோ, அதையே முதலில் கழற்றவேண்டும். பூட்டும்போது அதையே கடைசியில் பூட்டவேண்டும். இக்கால வண்டிகளில் அது எதிர்முனை. 1967-க்கு முந்திய எம்.ஜி.பி. வண்டிகளிலோ நேர்முனையே உடலோடு இணைந்திருக்கும். எங்கள் வண்டி அவ்வகையைச் சேர்ந்தது. ஆதலின் பெட்டியின் மூடியில் சிவப்பு எழுத்தில் அதனை எழுதி ஒட்டச் செய்தார்.

இவ்வளவுக்கும் இசைந்தவர் ஒன்றுக்கு மட்டும் இசையவில்லை. பழைய இரும்புத் தொட்டில்களை வெட்டி எறியக் கூடாது என்றார். "நமக்கு முன்னே ஒருவன் யோசித்துச் செய்த வேலை. நாளைக்கு இதை வாங்குகிறவன் பழையபடி வைக்க விரும்பினால் வழி இருக்கவேண்டும்" என்றார். தொட்டில்களின் துருவைச் சுரண்டி, வண்ணம் பூசி, அவ்வாறே விட்டுவிட்டோம். முன்னோர் செய்ததைத் தேவைக்காக மாற்றலாம். அழித்துத்தான் மாற்றவேண்டும் என்பதில்லை.

வேலை முடிந்ததும் பங்குக் குருவானவர் வந்து தீர்த்தம் தெளித்து மந்திரித்தார். இப்பொழுது பெரியப்பா நின்றபடியே டிக்கியைத் திறக்கிறார், சுவிட்சைத் திருப்புகிறார், அருகில் இருக்கையில் எங்களுள் ஒருவர் அமர, கிளாம்பாக்கம் வரை மெதுவாக ஓட்டிச் சென்று திரும்புகிறார். அம்மாதமே நாங்கள் மற்றொன்றையும் செய்தோம். மாடி அறையில் இருந்த அவருடைய கட்டிலைக் கீழே முன்னறைக்குக் கொண்டுவந்தோம். இரவில் அவர் இருமினால் இப்போது எங்களுக்குக் கேட்கிறது. மாலையில் குடும்பச் செபம் தொடங்கும்போது அவரைக் கூப்பிட எவரும் படியேற வேண்டியதில்லை. அவரே முதலில் செபமாலையைக் கையில் எடுத்துக்கொள்கிறார்.

பத்துக் கன்னியர் உவமையில் ஐவரிடம் விளக்கு இருந்தது. எண்ணெயோ வேண்டிய நேரத்தில் கைக்கு எட்டும் இடத்தில் இல்லை. பொருள் உலகில் இருப்பது மட்டும் போதாது, அது எட்டவேண்டும்.

வாசகர்களே, ஸ்போர்ட்ஸ் கார் நம் இல்லங்களில் இல்லாதிருக்கலாம். இன்வெர்ட்டர் பேட்டரி பலர் இல்லங்களில் உண்டு. அது மாடிப்படிக்கு அடியில், பழைய செய்தித்தாள் கட்டுகளுக்குப் பின்னே, காற்றுப் புகாத மூலையில் கிடக்கிறதா என்று இந்த ஞாயிறு பாருங்கள். அதைக் காற்றோட்டமான இடத்துக்கு, பிள்ளைகள் தொடாதவாறும் பெரியவர்கள் குனியாமல் பார்க்குமாறும் மாற்றுங்கள். விளக்கையோ தீக்குச்சியையோ அருகில் கொண்டு செல்லாதீர்கள். நீர் குறைந்திருந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே ஊற்றுங்கள். அப்படியே வீட்டின் பின்னறையையும் ஒருமுறை எட்டிப் பாருங்கள். அங்கே யார் இருக்கிறார் என்று.