ஆணி மரம்

எங்கள் கொல்லைப் புளியமரத்தை அறுத்துத் தர எந்த மரவாடியும் ஒப்புக்கொள்ளவில்லை.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியது. பட்டுக்கோட்டைப் பக்கம் எங்கள் ஊரில் தென்னந்தோப்புகள் படுத்துவிட்டன. அந்த இழப்பின் நடுவில் ஒற்றைப் புளியமரம் விழுந்ததை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பொங்கலுக்குப் பிறகு அண்ணன் ஒரு வியாபாரியைக் கூட்டி வந்தார். சுற்றிப் பார்த்துவிட்டு, "விறகு வெலதாங்க. இது ஆணி மரம்" என்றார் அவர். உள்ளே ஆணி இருந்தால் மரவாடியில் பட்டை ரம்பம் அறுந்துபோகும். அதோடு, அது யார் யாருக்கோ பேய் ஓட்டி ஆணி அடித்த மரம் என்பது சுற்றுவட்டாரத்துக்கே தெரியும்.

பேய் எங்கள் ஊரில் ஆண்களை அவ்வளவாகப் பிடித்ததில்லை. பெண்களைப் பிடிக்கும், அதிலும் கல்யாணம் பேசும் வயதில். கோடாங்கி வந்து உடுக்கை அடித்து, பேயின் பெயரைச் சொல்லவைத்து, அந்தப் பெண்ணின் உச்சிமுடியில் ஒரு கற்றையை மரத்தோடு வைத்து ஆணி அடித்து முடியை அறுத்துவிடுவார். பேய் மரத்தில் தங்கிவிடும். பெண் வீட்டுக்கு வந்துவிடுவாள்.

1966இல் அப்படி வீட்டுக்கு வந்தவர் என் சின்னத்தை. அப்போது வயது 19. தாய்மாமனைக் கட்டமாட்டேன் என்று மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தாராம். அது பேயின் வேலை என்று முடிவாயிற்று. ஆணி அடித்த மறுமாதம் கல்யாணம். நாற்பது வயதில் தாலியறுத்துத் திரும்பி வந்து, அன்று முதல் எங்கள் வீட்டுப் பின்கட்டில் இருக்கிறார். 1989இல் தமிழ்நாடு பெண்களுக்குப் பூர்வீகச் சொத்தில் பங்கு கொடுத்தபோது, அதற்கு முன் மணமானவர்களை விட்டுவிட்டது. 2005இல் மத்தியச் சட்டம் அந்தக் குறையைச் சரிசெய்வதற்குள் எங்கள் வீட்டில் பாகப்பிரிவினைப் பத்திரம் பதிவாகிவிட்டது. அத்தை எதையும் கேட்டதில்லை. வியாபாரி போன அன்று மட்டும் என்னிடம், "அதுல எனக்கு ஒரு பெஞ்சுப் பலகை எடுத்துக் குடுக்க முடியுமா தாயி" என்றார்.

என் மாணவி ஒருத்தி தச்சர் வீட்டுப் பெண். அவள்தான் செயின்சாவில் மாட்டும் சட்டத்தைப் பற்றிச் சொன்னாள். மரத்தை ரம்பத்திடம் கொண்டுபோகாமல் ரம்பத்தை மரத்திடம் கொண்டுபோவது. ஆணி பட்டாலும் செயினை அரம் போட்டுத் தீட்டிக்கொள்ளலாம். சட்டத்தை நான் வாங்கினேன். 70 சிசிக்கு மேல் உள்ள மெஷினை அவள் அப்பா இரவல் கொடுத்தார். செயினின் பற்களையும் அவரே மாற்றித் தீட்டினார். குறுக்கே துண்டு போட 30 பாகைச் சாய்வு, நெடுக்கே பிளக்க 10 பாகை. முதலில் சாதாரணச் செயினோடு இறங்கியிருந்தால் பாதி மரத்திலேயே கை ஓய்ந்திருக்கும்.

மே மாத விடுமுறையில் தொடங்கினோம். ஏழடி நீள அடிமரத்தைத் தலைப்பக்கம் கொஞ்சம் உயர்த்திக் கட்டைகள் மேல் கிடத்தினோம். சரிவில் மெஷின் தன் எடையிலேயே இறங்கும், தள்ளும் பாடு குறையும். உருண்டை மரத்தில் முதல் அறுப்புக்குச் சமதளம் கிடையாது. அதனால் ஓர் அலுமினிய ஏணியை மரத்தின் மேல் திருகாணியால் இறுக்கி, அதன் மேல் சட்டத்தை ஓட்ட வேண்டும். ஏணியின் இரு முனைகளிலும் ரசமட்டம் வைத்துப் பார்க்கச் சொன்னாள் மாணவி. ஒரு முனை ஓரிழை திரும்பியிருந்தாலும் பலகை முறுக்கிக்கொண்டு வரும். சீவல் குச்சிகளை அடியில் செருகிச் செருகி அதற்கே ஒரு முற்பகல் போயிற்று. ஆனால் ஏணி மரத்தின் இரு பக்கமும் ஓரடி வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்பதைக் கோட்டைவிட்டோம். சட்டம் உள்ளே நுழையும்போதே தலை கவிழ்ந்தது. முதல் அறுப்பின் தொடக்கத்தில் ஒரு பள்ளம். ஏணியைக் கழற்றி மறுபடி முதலிலிருந்து.

துப்பட்டா கூடாது, புடவை கூடவே கூடாது. கணவரின் ஜீன்ஸும் முழுக்கைச் சட்டையும் போட்டு, காதடைப்பானும் கண்ணாடியும் மாட்டி நின்றேன். கையுறை ஆம்பளை அளவு, விரல் நுனிகள் காலியாகத் தொங்கின. வேலியோரம் கூடிய பெண்களில் ஒருவர், "வாத்தியாரம்மாவுக்கு என்னாச்சு?" என்று கேட்டது இன்ஜின் நின்ற இடைவெளியில் தெளிவாகக் கேட்டது. பேய் என்று யாரும் சொல்லவில்லை. அண்ணன் திண்ணையிலிருந்து எழவில்லை.

இரண்டாம் முறை ஒழுங்காக இறங்கியது. மாணவி பின்னாலேயே வந்து வாய்ப்பிளவில் ஆப்பு செருகினாள், இல்லாவிட்டால் மேல்பலகை அமுங்கிச் செயினைக் கவ்விக்கொள்ளும். மேல்சீவலைத் தூக்கியபோது உள்ளே வெளிர்மஞ்சள் மரமும், அதற்குள் கருஞ்சிவப்பில் வைரமும் தெரிந்தன. உள்ளே வைரம் உள்ளது மரம், வெளியே வைரம் உள்ளது புல் என்று தொல்காப்பிய மரபியலை இருபது வருடமாக வகுப்பில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அந்தக் கணக்கில் தென்னை புல். 'அகக்காழ்' என்ற சொல்லைக் கையால் தொட்டது அன்றுதான். இத்தனை தேர்வுத்தாள் திருத்தியதற்குக் கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

ஏணிக்கு இனி வேலை இல்லை, அறுத்த தளமே தண்டவாளம். இரண்டங்குலத்துக்கு வைத்து ஓட்டினேன். முக்கால்வாசி போனதும் சத்தம் மாறியது. ஒரு பொறி. பிறகு தூள் மாவாக வந்தது, புகை வந்தது. நிறுத்திப் பலகையைத் தூக்கினோம். மரத்தில் கருநீலக் கறை உள்ளங்கை அகலத்துக்குப் பரவியிருந்தது. அதன் நடுவில் பளபளவென்று வெட்டுப்பட்ட இரும்பு. பட்டையிலிருந்து ஐந்தங்குல ஆழம். மரம் உச்சியில்தான் உயரும், அடியில் பருக்க மட்டுமே செய்யும். அதனால் அடித்த ஆணி அடித்த உயரத்திலேயே நிற்கும். மரம் அதை மெல்ல விழுங்கிக்கொள்ளும்.

அத்தை குடையை மடக்கிவிட்டு வந்தார். மரத்தின் வேர்முனையிலிருந்து சாண் சாணாக அளந்துகொண்டே ஆணிவரை போனார். பிறகு நிமிர்ந்து நின்று உச்சந்தலையில் கைவைத்துக்கொண்டார்.

"எனக்கு அடிச்சதுதான். மத்ததெல்லாம் ஓடைப்பக்கம், இன்னும் கீழ."

"அத்தை, இத்தோட நிறுத்திடுவோமா?"

"எதுக்கு? செயினத் தீட்டு."

உளியால் சுற்றிலும் கொத்திக் குறடால் ஆணியைப் பிடுங்கினோம். முடி எதுவும் இல்லை. அத்தை அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எனக்கு ஒண்ணும் புடிக்கல தாயி. அந்தாளத்தான் புடிக்கல. எங்க அம்மாவுக்கு அது தெரியும்" என்றார். ஐம்பத்து மூன்று வருடத்தில் அவர் அதைச் சொல்லி நான் கேட்டது அதுவே முதல் தடவை. திண்ணையில் அண்ணன் செய்தித்தாளை மடித்துவைத்தார். ஒன்றும் பேசவில்லை.

சாயங்காலத்துக்குள் இன்னும் நான்கு பலகை எடுத்தோம். முனைகளில் வெடிப்பு விழாமலிருக்கப் பெயின்ட் பூசி, இடையே குச்சிகள் வைத்து மாட்டுக்கொட்டகையில் அடுக்கினோம். ஓரங்குலத்துக்கு ஒரு வருடம் காய வேண்டும். இரண்டு வருடம் என்றதும் அத்தை, "அதுவரைக்கும் நான் இருக்கணுமா?" என்று சிரித்தார்.

எந்தப் பலகை வேண்டும் என்று மாணவி கேட்டாள். ஆணியிருந்த ஓட்டையில் சுண்டுவிரலை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்த அத்தை, "இது" என்றார். மாணவி சாக்பீஸால் அதில் அவர் பெயரை எழுதினாள்.